பெயருள்ள யானையும் பெயரற்ற மனிதரும்: கிழக்கின் வாசகர் வட்டங்களுக்கு ஒரு திறந்த மடல்

இலங்கையின் கிழக்கே மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் வாசகர் வட்டங்களையும் திரையிடல்களையும் நடத்திவரும் நண்பர்களுக்கு,

வணக்கம்.

மண்முனைப் பாலம் கடந்து உங்கள் கூட்டங்களுக்குப் பல வருடங்களாக வந்துபோகும், வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் ஆசிரியன் நான். மனிதரின் சமத்துவத்தையும் விலங்குகளின் துன்பத்தையும் சேர்த்து யோசிக்க வைக்கும் கட்டுரைகளையும் படங்களையும் நீங்கள் அண்மைக்காலமாகத் தொடர்ந்து எடுத்துப் பேசுவது எனக்குப் பெரும் மகிழ்ச்சி. நம் பக்கத்தில் இப்படியொரு பேச்சுக்கு வேறு இடமில்லை என்பதும் எனக்குத் தெரியும். அந்த நன்றியோடுதான், நெடுநாளாக மனத்தில் கிடக்கும் ஒரு குறையையும் ஒரு வேண்டுகோளையும் எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

நகரில் நடந்த ஒரு திரையிடலில் யானைகளைப் பற்றிய ஆவணப்படம் ஒன்று காட்டப்பட்டது. படம் முடிந்து கருத்துரைகள் ஓய்ந்த வேளையில், கடைசி வரிசையில் மகளோடு வந்திருந்த ஒரு பெண் எழுந்து நின்றார். வெல்லாவெளிப் பக்கத்தவர், கணவரை யானைக்குப் பறிகொடுத்தவர். "அந்த யானைக்கு ஒரு பேர் வச்சிருக்காங்க. எங்கட வீட்டுக்காரர எல்லாரும் 'யானை அடிச்ச ஆள்' எண்டுதான் சொல்றாங்க. அவருக்கும் பேர் இருக்கு," என்று சொல்லிவிட்டு அமர்ந்துவிட்டார். ஒரு கணம் மண்டபம் பேச்சற்றுப் போனது. பிறகு நன்றியுரை வந்தது, தேநீர் வந்தது. திரும்பும் பேருந்தில் என் பக்கத்து இருக்கையில்தான் அவர் இருந்தார். யானையின் மீது கோபமாக ஒரு வார்த்தைகூட அவர் சொல்லவில்லை. சுவரை இடித்து உள்ளே வந்த அது விதைநெல் மூட்டையைத்தான் தேடியது என்றும், காலையில் பார்த்தபோது மூட்டையில் பாதி அப்படியே கிடந்தது என்றும், அந்த நெல்லை அந்தப் போகம் விதைக்கத் தமக்கு மனம் வரவில்லை என்றும் சொன்னார். அன்றைய கூட்டத்தின் மிகச் சிறந்த உரை அந்தப் பேருந்தில்தான் நிகழ்ந்தது. அதைக் கேட்டவன் நான் ஒருவன் மட்டுமே என்பது இன்றுவரை என்னை வருத்துகிறது.

அந்தப் பெண்ணின் வார்த்தைகளுக்குப் பிறகு, நாம் பலமுறை பேசிய ஒரு கட்டுரையை மீண்டும் எடுத்து வாசித்தேன். ஆங்கில எழுத்தாளர் ஜோர்ஜ் ஓர்வெல் 1936-இல் வெளியிட்ட, பர்மாவின் மௌல்மெய்ன் நகரில் ஒரு காவல் அதிகாரி யானையைச் சுட்ட கதையைச் சொல்லும் கட்டுரை அது. பேரரசின் அதிகாரி, தன் பின்னால் திரண்ட கூட்டத்தின் எதிர்பார்ப்புக்குக் கட்டுப்பட்டு, சுட விரும்பாத யானையைச் சுடுகிறார் என்ற இடத்தில்தான் நமது உரையாடல்கள் எப்போதும் நின்றிருக்கின்றன. அந்த யானை மிதித்துக் கொன்ற மனிதரை நாம் தாண்டிப் போய்விட்டோம். அவரைத் 'திராவிடக் கூலி' என்றுதான் கட்டுரை அடையாளப்படுத்துகிறது, பெயர் இல்லை. ஒரு கூலியைக் கொன்றதற்காக யானையைச் சுட்டது வெட்கக்கேடு, யானையின் பெறுமதி அந்தக் கூலியைவிட அதிகம் என்று இளம் வெள்ளையர்கள் பேசிக்கொள்கிறார்கள். கூலி இறந்ததில் தாம் மகிழ்ந்ததாகவும், அந்த மரணமே தம்மைச் சட்டத்தின் முன் காப்பாற்றியதாகவும், அந்த அதிகாரியாகத் தன்னிலையில் பேசும் கட்டுரையாளர் மறைக்காமல் எழுதுகிறார். யானையோ குண்டுபட்ட பின்னும் அரை மணி நேரம் மூச்சுவிட்டுக் கிடந்து சாகிறது. மாலைக்குள் எலும்பு தெரிய அதன் இறைச்சி வெட்டி எடுக்கப்படுகிறது. கடல் கடந்து கூலிக்குப் போன ஒருவரும் அந்த யானையும் ஒரே சேற்றுநிலத்தில், ஒரே அதிகாரத்தின் கணக்கில், வெறும் பெறுமதியாக மட்டும் மிஞ்சிக் கிடக்கிறார்கள். நம் முன்னோரில் எத்தனை பேர் அப்படிக் கூலியாகக் கடல் கடந்தவர்கள் என்பதை அறிந்த நாம், அந்த வரிகளில் சற்று நேரம் நின்றிருக்க வேண்டும்.

விலங்குகளுக்காகப் பேசும் சிந்தனை மனிதரைக் கைவிட்டுத் தோன்றியதல்ல. 1789-இல் வெளிவந்த தம் நூலின் ஓர் அடிக்குறிப்பில் ஆங்கிலேயத் தத்துவவாதி ஜெரமி பெந்தம், தோலின் நிறத்தைக் காரணம் காட்டி ஒரு மனிதரை வதைப்பவரிடம் விட்டுவிட முடியாது என்ற வாதத்திலிருந்துதான், விலங்குகள் சிந்திக்குமா, பேசுமா என்பதை விட்டு, துன்பப்படுமா என்று கேளுங்கள் என்ற இடத்துக்கு வந்து சேர்கிறார். நமக்கோ அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. "பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும்" என்று மேடைதோறும் சொல்கிறோம். பரிமேலழகர் அதை மக்கள் உயிர் என்று வரையறுத்தே உரை கண்டார்; குறள் நின்ற அதிகாரத்தை நோக்க அவ்வுரை பொருந்தவும் செய்யும். ஆயினும் வள்ளுவர் ஆண்ட சொல் 'உயிர்' என்பதே. என் வகுப்பில் ஆண்டுதோறும் ஒரு பிள்ளையாவது, "அப்ப மாட்டுக்கும் ஆட்டுக்கும் சேர்த்தா, சேர்?" என்று கேட்டுவிடுகிறது. பரீட்சைக்கு உரிய விடையை மட்டும் சொல்லி அந்தக் கேள்வியை மூடிவிட எனக்கு இதுவரை மனம் துணிந்ததில்லை.

மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018) படத்தைப் பற்றிய உரையாடலிலும் எனக்கு ஒரு மாறுபாடு இருந்தது. தண்டவாளத்தில் கட்டிக் கொல்லப்படும் கருப்பி என்ற நாயைப் பேசியவர் அனைவரும் ஒடுக்கப்பட்டோரின் 'குறியீடு' என்றே குறிப்பிட்டார்கள். கருப்பி முதலில் ஒரு நாய். அதற்கு வலித்தது. அதைக் கட்டியவர்கள் ஒரு மனிதரை அவமதிப்பதற்காக அந்த உயிரைக் கருவியாக்கினார்கள். குறியீடு என்று மட்டும் சொல்லி நாமும் அதை இன்னொரு கருவியாக்கிவிடக் கூடாது. சாதியின் கொடுமையும் நாயின் வலியும் அந்தக் காட்சியில் ஒன்றையொன்று குறைக்கவில்லை.

இறைச்சிக்காக மாடறுப்பதைக் காட்டும் படங்களைப் பற்றி மிகுந்த கவனத்தோடு பேசவேண்டியிருக்கிறது. அவற்றைக் காட்டவேண்டும் என்பதே என் கருத்து. நானும் ஊன் உண்பதை விட்டவன்தான். ஆனால் முஸ்லிம் ஊரான காத்தான்குடியும் தமிழ் ஊரான ஆரையம்பதியும் தோளோடு தோள் கிடக்கும், கல்முனையில் ஒரு தெரு தாண்டினால் அடுத்த சமூகத்தின் வாசலில் நிற்கும் மண்ணில், அந்தப் படத்தின் இரத்தம் யார் முகத்தில் பூசப்படுகிறது என்பதைக் கவனிக்காமல் திரையை விரிக்க முடியாது. 2020 செப்டெம்பரில் நாட்டில் மாடறுப்பைத் தடைசெய்ய அமைச்சரவை கொள்கையளவில் இணங்கியபோது, மாட்டிறைச்சி உண்போருக்கு வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்து சலுகை விலையில் கொடுப்பது என்பதும் அதே யோசனையில் சேர்ந்திருந்தது. இங்கே சாகும் மாடு பாவம், கடலுக்கு அப்பால் சாகும் மாடு பாவமில்லை என்றால், அங்கே மாட்டைப் பற்றிய கவலை எங்கே இருக்கிறது? அதே காலத்தில் விலங்கு வதையைத் தடுக்க நம் கையில் இருந்ததோ 1907-ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம். நம்மிடையேயும் 'சைவம்' என்ற சொல் உணவைக் குறிப்பதோடு நில்லாமல் ஒரு படிநிலையாகவும் நடமாடுகிறது. எந்த வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்பதை வைத்து எந்த வீட்டில் தண்ணீர் குடிக்கலாம் என்று தீர்மானித்தவர்கள் நாம். ஆட்டின் மீது வைத்த கருணை அயலவர் மீது ஓங்கும் கையாக மாறுமானால் அந்தக் கருணையை நான் ஏற்கமாட்டேன்.

இனி, நான் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்லவேண்டும். ஒரு பட்டியில், இரைக்குள் மறைத்து வைக்கும் வாய்வெடியைக் கடித்த பசுவொன்றைப் பார்த்தேன். காட்டுப்பன்றிக்கு வைத்த வெடி அது. கீழ்த்தாடை பிளந்து ஒரு பக்கமாகத் தொங்கியது. நாக்கு வெளியே வந்து காய்ந்திருந்தது. புல் அதன் காலடியிலேயே நின்றது; குனிந்து முகர்ந்து பார்த்ததே தவிர அதனால் ஒரு வாய் கவ்வ முடியவில்லை. பட்டிக்காரர் வேப்பெண்ணெய் தடவி ஈயை விரட்டிக்கொண்டிருந்தார். போத்தலில் ஊற்றிய கஞ்சி பாதிக்கு மேல் காயத்தின் வழியே வடிந்தது. கன்று மட்டும் எப்போதும்போல மடியை முட்டியது, பசுவும் விலகாமல் நின்று கொடுத்தது. ஐந்தாம் நாள் அது செத்தது. அந்த வெடியை வைத்தவரும் ஊரவர்தான். சோளன் சேனைப் பயிரைப் பன்றி அழித்த பின் கடனோடு நிற்பவர். அவரைக் கொடியவர் என்று எழுத என் கை வரவில்லை, அந்தப் பசுவை மறக்கவும் முடியவில்லை.

மட்டக்களப்பு மாவட்டத்தின் மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சற்தரைக்காக 2023 செப்டெம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் அறவழிப் போராட்டத்தைத் தொடங்கியபோது, சுடப்பட்டும் வெட்டப்பட்டும் சுருக்கில் அகப்பட்டும் செத்த தங்கள் மாடுகளைப் பற்றி அவர்கள் இடைவிடாது பேசினார்கள். அதை நாம் காணிப் பிரச்சினை என்று மட்டும் விளங்கிக்கொண்டோம். காணிப் பிரச்சினைதான், ஐயமில்லை. அந்த மாடுகளின் சாவு நமது விலங்குரிமைப் பேச்சில் ஒருமுறைகூட ஏறவில்லையே என்பதுதான் என் ஆதங்கம். கொக்கட்டிச்சோலைச் சிவன் கோயிலில் கல் நந்தி எழுந்து புல்லுண்டு பறங்கியரை, அதாவது போர்த்துக்கேயரை, வெருட்டிய கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டையும் நினைவூட்டுகிறேன். 2022 சனவரியில் அங்கே இரண்டு யானைகள் செத்துக் கிடந்தபோது, முந்திய எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் அந்த மேட்டின் பிளாஸ்திக்கைத் தின்று இறந்ததாகச் செய்தி வந்தது. குப்பையைச் சுற்றிப் போட்ட மின்வேலி 2014-இல் இடிவிழுந்து பழுதானதும் திருத்தப்படாமலே கிடந்ததாம். அந்த 2022-ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் 400-க்கும் மேற்பட்ட யானைகள் இறந்தன; 140-க்கும் மேற்பட்ட மனிதர்கள் யானைகளால் மாண்டார்கள். காட்டோரத்தில் குப்பை கொட்டுவது யாரென்று பார்த்தால், யானை கண்டறியாத நகரத்து வீடுகள். அந்தப் பைகளில் நமது கூட்டங்களின் தேநீர்க் கோப்பைகளும் இருக்கக்கூடும். யானையை விரட்டும் வெடியைக் கையில் பிடித்துப் பரணில் விடிய விடிய விழித்திருப்பவரோ அந்தக் குப்பையில் ஒரு பையைக்கூடப் போட்டிராதவர்.

ஆகவே என் வேண்டுகோள் இது. அடுத்த தொடரை நகர மண்டபத்தில் வைக்காமல் படுவான்கரைக்கும் அம்பாறையின் எல்லைக் கிராமங்களுக்கும் கொண்டு வாருங்கள். பட்டிக்காரரும் வயற்காவல்காரரும் யானைக்கு ஆளைப் பறிகொடுத்த குடும்பத்தவரும் இறைச்சிக்கடை வைத்திருப்பவரும் பேச்சாளர்களாக முன்வரிசையில் இருக்கட்டும். படத்தை அவர்கள் பார்த்த பிறகு முதலில் அவர்களே பேசட்டும், விமர்சகர்கள் பின்னர் பேசலாம். இறந்த மனிதர்களின் பெயர்களை, குடும்பத்தார் சம்மதித்தால், தொடக்கத்தில் வாசியுங்கள். அந்தப் பெண்ணையும் அழையுங்கள். நான் போய்க் கூட்டி வருகிறேன்.

நேரத்தை மட்டும் மாலை ஆறு மணிக்கு வைத்துவிடாதீர்கள். இங்கே இருட்டிய பின் ஒருவரும் தெருவில் இறங்குவதில்லை. விடியற்காலையோ பால் கறக்கும் நேரம். முற்பகல் 10 மணிக்குத் தொடங்கினால் எல்லோராலும் வரமுடியும். பாடசாலை மண்டபத்தைக் கேட்டு வாங்குவது என் பொறுப்பு. பகல் வெளிச்சத்தில் திரை தெளியாதே என்று யோசிக்கவேண்டாம். யன்னல்களை மறைப்பதற்கு நெல் காயவிடும் படங்குகளை நாங்கள் கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
படுவான்கரையிலிருந்து ஓர் ஆசிரியர்