பக்கத்துப் பக்கத்தில் நின்று சுட ஒரு மணி நேரம்

மதிப்புக்குரிய எங்கள் துப்பாக்கிச் சுடுதல் கழக நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். ஆண்களையும் பெண்களையும் வேறு வேறு நேரத்தில் சுடவிடும் நேர அட்டவணை பற்றி நாங்கள் கொடுத்த இரண்டு கடிதங்களும் உங்கள் கோப்பில் இருக்கும். பழைய கதையை விட்டுவிட்டுப் போன சனிக்கிழமைக்கு வருகிறேன். ஆணும் பெண்ணும் ஓர் அணியாகச் சுடுகிற 10 மீற்றர் கலப்பு அணிப் பயிற்சிக்காக என்னையும் என் கணவரையும் அடுத்தடுத்த தடங்களில் நிற்கவிடும்படி கேட்டோம். "புருசன் பொஞ்சாதி கதைக்கிறதுக்கு டச்பே கடற்கரை இருக்குதானே" என்றார் உங்களில் ஒருவர். மற்றவர்கள் சிரித்தீர்கள். சரி, நாங்களும் சிரித்துவிட்டுத்தான் வந்தோம்.

ஆண்களுக்குக் காலை ஏழரை, பெண்களுக்கு மத்தியானம் ஒன்றரை. நாங்கள் நிலாவெளியிலிருந்து ஒரே மோட்டார் சைக்கிளில் வருகிறவர்கள். அவர் உள்ளே சுடும்போது நான் வேப்பமரத்தடியில். காலையில் பெண்கள் வருவதில்லை என்று உங்கள் அட்டவணை சொல்வதால், பெண்கள் கழிப்பறையின் திறப்பும் மத்தியானம்தான் வருகிறது. அதனால் சனிக்கிழமைகளில் வீட்டில் குடிக்கிற காலைத் தேத்தண்ணியோடு வாயைக் கட்டிவிடுவேன். ஆறு மணி நேரம். ஒருமுறை தாங்க முடியாமல் எதிர்வீட்டு அம்மாவிடம் போய்க் கேட்டேன். அவர் முகம் சுளிக்காமல் உள்ளே விட்டார். அடுத்த கிழமையும் போய்க் கேட்க எனக்குத்தான் கூச்சம். பிறகு, கச்சான் காற்று அனலாக வீசுகிற நேரத்தில், தகரக் கூரைக்குக் கீழே நின்று, கிட்டத்தட்ட ஒரு கிலோ பாரமான காற்றுப் பிஸ்டலை ஒற்றைக் கையால் நீட்டிப் பிடிக்க வேண்டும். இலக்கின் நடுவிலுள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீற்றர். ஒரு சட்டைப் பொத்தான். நாக்கு வறண்டு கை நடுங்குகிறவளுக்கு அது எங்கே பிடிபடும்? என் புள்ளிகள் குறைவதை அறிவித்தல் பலகையில் ஒட்டுகிறீர்கள். காரணத்தையும் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான்: சனிக்கிழமை காலையில் ஒரு மணி நேரம், இருவரும் பக்கத்துப் பக்கத்தில்.

கலப்பு அணி நாங்கள் கண்டுபிடித்த விளையாட்டு அல்ல. டோக்கியோ ஒலிம்பிக்கிலேயே வந்துவிட்டது. 2024இல் பாரிஸில் இந்தியாவின் மனு பாக்கரும் சரப்ஜோத் சிங்கும் வெண்கலம் எடுத்தபோது கழகத்துத் தொலைக்காட்சிக்கு முன்னால் நீங்களும்தான் கைதட்டினீர்கள். அங்கே பதக்கச் சுற்றில் ஒவ்வொரு முறையும் ஆளுக்கு ஒரு சூடு, இரண்டையும் கூட்டித்தான் கணக்கு; கூட்டுத்தொகை கூடிய அணிக்கு இரண்டு புள்ளி. முதலில் 16 புள்ளி எடுத்த அணி வென்றது. என் கணவர் சட்டென்று சுட்டுவிட்டுக் கையை இறக்குவார். நான் கடைசி வினாடிவரை தாமதிப்பேன். அவர் கை இறங்குவது கண்ணோரத்தில் பட்டாலே என் விரல் அவசரப்படும். ஆறு மணி நேர இடைவெளியில் இதை எப்படிப் பழகுவது?

வெள்ளி இரவுகளில் குசினி மேசையில் இருவரும் ஒன்றாகத்தான் உட்காருகிறோம். அப்பாவின் பொன் நிறுக்கும் தராசில் 4.5 மில்லிமீற்றர் ஈயச் சன்னங்களை ஒவ்வொன்றாக நிறுத்துப் பிரிப்போம். ஒன்று அரைக் கிராம் அளவுதான், விளிம்பு நசுங்கியது தனி டப்பாவுக்கு. டெக்சாஸில் இருக்கும் என் அண்ணாவும் அண்ணியும் கையடக்கமான 9 மில்லிமீற்றர் பிஸ்டல்களோடு ஞாயிறுதோறும் சுடப் போகிறார்கள். சுட்ட தோட்டாக்களின் வெற்றுக் கூடுகளைப் பொறுக்கி வந்து வீட்டிலேயே வெடிமருந்து நிரப்புகிறார்களாம். எங்களுக்கு அந்த ஆசை இல்லை. இந்த மண்ணில் துப்பாக்கி என்ற சொல்லுக்கு எவ்வளவு பாரம் என்று தெரிந்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஈயமும் காற்றும் கடதாசி இலக்கும் போதும்.

சித்திரைப் புதுவருட விளையாட்டு விழாவில் தம்பதியரின் கால்களைக் கட்டி ஓடவிட்டுப் படம் எடுத்துப் போட்டவர்களும் நீங்கள்தான். ஆணும் பெண்ணும் பக்கத்தில் நின்று சுடுவது ஒழுக்கமில்லை என்றால், அன்றைக்கு அந்த ஒழுக்கம் எங்கே போயிருந்தது? காலைச் சந்தாவும் மத்தியானச் சந்தாவும் ஒரே தொகை என்பதையும், மின்விசிறி காலையில் மட்டும் வேலை செய்கிற அதிசயத்தையும்... சரி, அதை விடுவோம். கோபத்தில் வேறெங்கோ போய்விட்டேன், மன்னிக்க வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் இந்த ஒரு மணி நேரத்தைத் தயவுசெய்து நிகழ்ச்சி நிரலில் சேர்த்துக்கொள்ளுங்கள். பரிசீலிக்க மாதக்கணக்கு ஆகும் என்றால், அதுவரை பெண்கள் கழிப்பறைத் திறப்பையாவது காலை ஏழரைக்குக் காவலாளியிடம் கொடுத்துவைக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மத்தியானத்தில் இரண்டாம் தடத்தில் சுடும் உறுப்பினர்,
திருகோணமலை