கைட் ஏரிக்கு மேலே நான்கு சிகரங்கள்

அன்புள்ள செந்தில்,

ஆகஸ்டில் மகளைப் பார்க்க டென்வர் வருகிறாய், ஒருநாள் உருப்படியாக மலையேற வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். கொலராடோவில் அல்மா ஊருக்கு மேலே இருக்கும் கைட் ஏரிக்குப் போ. டெமோக்ராட் (14,148 அடி), கேமரன் (14,238), லிங்கன் (14,286), ப்ராஸ் (14,172) என்று நான்கு சிகரங்கள் அந்த ஏரியைக் குதிரை லாடம் போல வளைத்து நிற்கின்றன. முழுச் சுற்று ஏழேகால் மைல், மொத்த ஏற்றம் சுமார் 3,700 அடி.

தூரத்தைப் பார்த்து எளிது என்று நினைத்துவிடாதே. நம் ஆனைமுடியே 8,842 அடிதான். இங்கே காரை நிறுத்தும் ஏரிக்கரை 12,000 அடி. சிகரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் அறுபது சதவீதம்தான். அதனால் வந்து இறங்கிய மறுநாளே கிளம்பாதே. டென்வரில் இரண்டு மூன்று நாள் இருந்துவிட்டு, முந்தைய இரவு அல்மாவிலோ ஃபேர்ப்ளேயிலோ தங்கு. அல்மா 10,578 அடி உயரத்தில் இருக்கிற ஊர். தலைவலியோடு குமட்டலும் சேர்ந்தாலோ, நடை தள்ளாடினாலோ உடனே கீழே இறங்கிவிடு. உட்கார்ந்து ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்று நம்பாதே. உயரத்தைக் குறைப்பதுதான் நம்பகமான வழி.

இந்த நாள் நன்றாக அமைவது நேரத்தைக் கடைப்பிடிப்பதில்தான் இருக்கிறது. ஜூலை, ஆகஸ்டில் நண்பகல் வாக்கில் இடிமேகம் திரளும். வழி முழுவதும் மரக்கோட்டுக்கு, அதாவது மரம் வளரும் எல்லைக்கு, மேலே. மின்னலுக்கு ஒதுங்க இடமே கிடையாது. காலை ஐந்து மணிக்கு நெற்றி விளக்கோடு நடக்கத் தொடங்கு. அல்மாவிலிருந்து ஏரிவரை ஆறு மைல் மண்பாதை; கடைசிப் பகுதி குண்டும் குழியும். வாடகைக் கார் தாழ்வானது என்றால் முன்னாலேயே நிறுத்திவிட்டு நட. சனி, ஞாயிறு வேண்டாம். விடிவதற்குள் இடம் நிறைந்துவிடும்.

ஏரியிலிருந்து முதலில் டெமோக்ராட்டுக்கும் கேமரனுக்கும் நடுவில் உள்ள சேடிலுக்கு (இரு சிகரங்களுக்கு இடையே தாழ்ந்திருக்கும் முகடு) ஏறுவாய், சுமார் 13,400 அடி. அங்கிருந்து இடப்பக்கம் டெமோக்ராட். உச்சி வந்துவிட்டது என்று தோன்றும் இடம் உச்சியல்ல. அதற்கப்பால் இன்னும் கொஞ்சம் ஏற்றம் இருக்கிறது. முழு மூச்சையும் அங்கே செலவழித்துவிடாதே. பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம்.

மறுபடி சேடிலுக்கு இறங்கியதும் நின்று வானத்தைப் பார். மணி பத்தைத் தாண்டி, மேகம் உயரமாக எழும்பத் தொடங்கியிருந்தால் நேரே ஏரிக்கு இறங்கிவிடு. டெமோக்ராட் மட்டும் ஏறி இறங்கினாலே நான்கு மைல், 2,150 அடி. அதுவே நிறைவான நாள். வானம் தெளிவாக இருந்தால் 850 அடி ஏறிக் கேமரன். அது அகன்ற, காற்று பிய்க்கும் மேடு. ஜாக்கெட்டைப் பைக்கு அடியில் போட்டு வைக்காதே. அங்கிருந்து அரை மைலில் லிங்கன்.

பலர் லிங்கனிலிருந்து ப்ராஸ் வழியாக இறங்குவார்கள். எனக்கு அது பிடிக்காது. ப்ராஸ் உச்சி தனியார் நிலம், மூடியிருக்கிறது. பாதை உச்சிக்குக் கீழே ஒதுங்கிப் போகும். பிறகு கிட்டத்தட்ட 2,000 அடி செங்குத்தான சரளைச் சரிவு. ஒவ்வொரு அடிக்கும் கால் வழுக்கும், முழங்கால் கெஞ்சும். அப்படியே போனாலும் கைத்தடிகளை நீளமாக்கி, குதிகாலை ஊன்றி, சின்னச் சின்ன அடியாக வை. உன் மகள் உனக்கு நேர் கீழே நடக்கக் கூடாது; நீ உருட்டும் கல் அவள்மேல்தான் விழும். வந்த வழியே சேடிலுக்குத் திரும்புவது நல்லது. கேமரனுக்குக் கொஞ்சம் மறுஏற்றம், அவ்வளவுதான்.

நிலம் தனியாருடையதாக இருப்பதற்குக் காரணம் பழைய சுரங்க உரிமைகள். கைவிட்ட குழிகளில் யாராவது விழுந்து வழக்குப் போடுவார்களோ என்ற பயத்தில் 2005-இல் உரிமையாளர்கள் மலைகளை மூடினார்கள். பிறகு அல்மா ஊராட்சி நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து வழி திறந்தது. 2023-இல் மறுபடி மூடல். அதே ஆண்டு கன்சர்வேஷன் ஃபண்ட் என்ற அமைப்பு டெமோக்ராட்டில் 289 ஏக்கரை வாங்கி வனத்துறைக்குக் கொடுத்தது, எனக்குப் பெரிய மகிழ்ச்சி. லிங்கன் பக்கம் நடக்கப் பொறுப்புத்துறப்புப் படிவத்தில் கையெழுத்துக் கேட்கலாம். ஏரிக்கரைப் பலகையை முழுவதும் படி, பாதையை விட்டு விலகாதே.

ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் ஊரிலிருந்தே எடுத்துப் போ. சுரங்கங்கள் சூழ்ந்த ஏரி அது. வடிகட்டி கிருமியை நிறுத்தும், கரைந்த உலோகத்தை நிறுத்தாது. உயரத்தில் பசி மந்தமாகும். உப்புக்கடலை, முறுக்கு மாதிரி கொறிக்கிறவை இறங்கும்.

வரும் தேதி முடிவானதும் எழுது. உன் காலணியின் அடிப்பக்கம் தேய்ந்திருந்தால் இப்போதே புதியது வாங்கி, ஒரு மாதமாவது போட்டு நடந்து பழகு.

அன்புடன்,
முரளி