தனியார் ஆம்புலன்சுக்கும் ஒரு சட்டம் வேண்டும்: சுகாதாரத் துறைச் செயலாளருக்கு ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
தென்காசி வட்டாரப் பொதுமக்கள்,
தென்காசி மாவட்டம்.

பெறுநர்:
அரசு செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: தனியார் ஆம்புலன்ஸ்களுக்கு உரிமம், பயிற்சி பெற்ற ஆள், கட்டணம் ஆகியவற்றை வரையறுத்துத் தனிச் சட்டம் கொண்டுவரக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். ஆம்புலன்சுக்கு வழி விடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 194இ பிரிவு சொல்கிறது. 2019 திருத்தத்தில் வந்த இந்தப் பிரிவு நல்லதுதான், இன்னும் கண்டிப்பாக அமல்படுத்தினாலும் சந்தோஷம். ஆனால் நாங்கள் ஒதுங்கி வழி விட்டு அனுப்புகிற அந்த வண்டிக்குள் ஆக்சிஜன் இருக்கிறதா, அதைப் போடத் தெரிந்த ஆள் இருக்கிறாரா, நோயாளியின் வீட்டாரிடம் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று கேட்பதற்கு ஒரு தனிச் சட்டம் நம் மாநிலத்தில் இல்லை. இந்த மனு அதைப் பற்றித்தான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறோம், இது 108 மீதான புகார் இல்லை. 2008 செப்டம்பரில் தொடங்கிய அந்தச் சேவையால் பிழைத்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். 108-ல் எமர்ஜென்சி டெக்னீஷியன் ஒருவர் கூடவே வருகிறார், காசு கேட்பதில்லை. சிக்கல் தொடங்குவது அதற்கு அடுத்த கட்டத்தில். ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தவரை "எங்களால் முடியாது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க" என்று சொல்லும்போது பெரும்பாலும் வந்து நிற்பது தனியார் வண்டிதான். எங்களைப் போன்ற மாவட்டங்களில் இது தினமும் நடக்கிறது. இங்கிருந்து ஒன்று திருநெல்வேலிக்குப் போக வேண்டும், இல்லையென்றால் மதுரைக்கு, அதுவும் இல்லையென்றால் புளியரை தாண்டித் திருவனந்தபுரத்துக்கு.

எல்லோர் சார்பிலும் இந்த மனுவை எழுதுவது நான், என் சித்தப்பாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். மூச்சுத்திணறல் என்று இரவில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். விடியற்காலையில் வென்டிலேட்டர் தேவைப்படலாம், திருநெல்வேலிக்குப் போய்விடுங்கள் என்று சொல்லி வண்டியையும் அவர்களே வரவழைத்தார்கள். வேனின் நெற்றியில் ஐ.சி.யூ. ஆம்புலன்ஸ் என்று சிவப்பு எழுத்தில் பெரிதாக இருந்தது. ஏறிய பிறகு பார்த்தால் உள்ளே ஒரு ஸ்ட்ரெச்சர், ஒரு பெஞ்சு, இரண்டு சின்ன சிலிண்டர், அவ்வளவுதான், வென்டிலேட்டர் என்ற பேச்சே இல்லை. கூட வந்த பையனுக்கு இருபது வயது இருக்கும். ஆலங்குளம் தாண்டியதும் மாஸ்க்கில் காற்றே வரவில்லை என்று சித்தி கத்த, அவன் அடுத்த சிலிண்டரை மாட்டப் போனான், வால்வைத் திறக்கிற சாவியைக் காணோம். டிரைவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஓடி வந்து, தன் சீட்டுக்கு அடியில் கிடந்த ஸ்பேனரை வைத்துத் திறந்தார். ஆக்சிஜனை ஈரமாக்குவதற்காகக் குமிழி வருகிற பாட்டிலில் சொட்டுத் தண்ணீர் இல்லை, நாங்கள் குடிக்க வைத்திருந்த தண்ணீரைத்தான் அதில் ஊற்றினோம். சித்தப்பா பிழைத்துக்கொண்டார். பேசியது 6,000, போய்ச் சேர்ந்ததும் ஸ்ட்ரெச்சரை இறக்குவதற்கு முன்பே கேட்டது 9,000, ரசீது கிடையாது.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்கு யாரும் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை, யாரும் சொல்லிக்கொடுக்கச் சொல்லவும் இல்லை.

இது எப்படி நடக்கிறது என்று சட்டத்தைப் புரட்டிப் பார்த்தால், ஓட்டை எங்கே இருக்கிறது என்று தெரிகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 66(3) பிரிவின்படி ஆம்புலன்சுக்குப் பெர்மிட் தேவையில்லை. அவசர வண்டி பெர்மிட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது என்பதால் அது நியாயமான விலக்குதான். ஆனால் பஸ்ஸோ ஆட்டோவோ எவ்வளவு வாங்கலாம் என்பதை அரசு கட்டுப்படுத்துவது பெர்மிட்டை வைத்துத்தான். 2013-ல் சென்னை ஆட்டோவுக்கு முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய் என்று அரசு நிர்ணயித்தது. உயிருக்குப் போராடுகிறவரை ஏற்றுகிற வண்டிக்கு அப்படி ஒரு நிரந்தரக் கட்டணம் இல்லை. ஆர்.டி.ஓ. பிரேக்கையும் டயரையும் பார்க்கலாம், சிலிண்டரில் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று பார்ப்பது அவர் வேலை இல்லை. அது உங்கள் துறையின் வேலை, ஆனால் அந்த வேலையை உங்கள் துறைக்குக் கொடுக்கிற சட்டத்தைத்தான் இன்னும் யாரும் எழுதவில்லை.

மத்திய அரசின் ஏ.ஐ.எஸ். 125 என்ற தரவிதி இருக்கிறதே என்று கேட்கலாம். சரி, இருக்கிறது. முதலுதவி வாகனம், நோயாளியைக் கொண்டுபோக மட்டும் உள்ள வாகனம், அடிப்படை உயிர்காப்பு வாகனம், உயர்நிலை உயிர்காப்பு வாகனம் என்று ஏ, பி, சி, டி நான்கு வகையாக அது பிரிக்கிறது, எதில் என்ன கருவி வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் அது வண்டியைக் கட்டுவதற்கான விதி, பழைய வண்டிகளை அது தொடுவதில்லை. கட்டி முடித்து ஓட ஆரம்பித்த பிறகு மாதாமாதம் உள்ளே ஏறிப் பார்ப்பது யார் என்பதற்கும் அதில் பதில் இல்லை.

கட்டணம் நிர்ணயிப்பது முடியாத காரியமும் இல்லை, நம் அரசே செய்திருக்கிறது. கொரோனா காலத்தில் 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மாநிலங்கள் நியாயமான ஆம்புலன்ஸ் கட்டணத்தை நிர்ணயிக்க வேண்டும் என்று சொன்னது. 2021 மே மாதம் தமிழ்நாடு அரசு சாதாரண ஆம்புலன்சுக்கு முதல் 10 கிலோமீட்டருக்கு 1,500, ஆக்சிஜன் உள்ளதற்கு 2,000, வென்டிலேட்டர் உள்ளதற்கு 4,000 ரூபாய் என்றும், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு முறையே 25, 50, 100 ரூபாய் என்றும் அறிவித்தது. எங்களிடம் 9,000 வாங்கிய பயணத்தை 55 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஆக்சிஜன் வண்டிக்கான அந்தக் கணக்குப்படி 4,250 ரூபாய்தான் வரும். டீசல் விலை ஏறியிருக்கிறது என்றால் ஏற்றிக் கொடுங்கள், ஒரு கணக்கு இருந்தால் போதும். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 2024-ல் ஆம்புலன்ஸ்களை வகை பிரித்துக் கட்டணம் அறிவித்துவிட்டார்கள். நோயாளியை அங்கே கொண்டுபோகிற எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்த வித்தியாசம் கையில் இருக்கும் ரூபாயாகவே தெரிகிறது.

உச்ச நீதிமன்றம் 1996-லேயே, ரயிலிலிருந்து விழுந்த ஹக்கீம் ஷேக் என்ற தொழிலாளியை மேற்கு வங்கத்தில் ஒவ்வொரு அரசு மருத்துவமனையாகத் திருப்பி அனுப்பிய வழக்கில், ஆம்புலன்சில் தேவையான கருவிகளும் மருத்துவப் பணியாளர்களும் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. குஜராத் 2007-லேயே அவசர மருத்துவச் சேவைக்கென்று தனிச் சட்டம் போட்டது. சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தை 2021-ல் தொடங்கிய மாநிலம் நம்முடையது. ஆஸ்பத்திரிக் கதவு வரைக்கும் வருகிற அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் ஏன் சந்தையிடம் விட்டு வைத்திருக்கிறோம்?

எங்கள் கோரிக்கை இதுதான். காசு வாங்கி நோயாளியை ஏற்றுகிற எந்த வண்டியும் சுகாதாரத் துறையின் உரிமம் இல்லாமல் ஓடக் கூடாது. வண்டியின் வகையும் கட்டணமும் தமிழில், கதவுக்கு வெளியே, நடக்கிறவர் படிக்கிற அளவில் எழுதியிருக்க வேண்டும். வென்டிலேட்டர் இல்லாத வண்டியில் ஐ.சி.யூ. என்று எழுதினால் உரிமம் ரத்தாக வேண்டும். நோயாளியோடு வருகிறவர் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். மருத்துவம் சார்ந்த சுகாதாரத் தொழில்களுக்கான 2021-ன் தேசிய ஆணையச் சட்டம் எமர்ஜென்சி மெடிக்கல் டெக்னாலஜிஸ்ட்டை ஒரு சுகாதாரத் தொழிலாக ஏற்றுக்கொண்டிருக்கிறது, அந்தப் பதிவை ஆம்புலன்ஸ் உரிமத்தோடு இணைக்கலாம். அப்புறம், அனுப்புகிற மருத்துவமனைக்கும் பொறுப்பு வேண்டும். எந்த நிலையில் அனுப்புகிறோம், வழியில் என்ன வேண்டும், அங்கே படுக்கை இருக்கிறதா என்று கேட்டுத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் அனுப்ப வேண்டும். வண்டி பிடித்துக் கொடுப்பதற்குக் கமிஷன் கைமாறுகிறது என்ற பேச்சு எல்லா ஊரிலும் இருக்கிறது, அதைக் குற்றம் என்று சட்டத்திலேயே எழுதிவிடுங்கள்.

டிரைவர்களையும் மறக்க வேண்டாம். ராத்திரி முழுக்க ஓட்டிவிட்டு விடிந்ததும் அடுத்த டிரிப்புக்குக் கிளம்புகிறவரிடம் உயிரை ஒப்படைக்கிறோம். வேலை நேரத்துக்கு வரம்பும், மாதச் சம்பளமும், முதலுதவிப் பயிற்சியும் சட்டத்தில் இருந்தால்தான் ஒழுங்காக நடத்துகிற உரிமையாளர்களும் தாக்குப்பிடிக்க முடியும். அப்படி நடத்துகிறவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள், குறைந்த விலைக்கு ஓட்டை வண்டி ஓட்டுகிறவர்களிடம் தோற்றுப்போகிறார்கள்.

சட்டம் வர நாளாகும் என்று தெரியும். அதுவரை, மாவட்ட ஆட்சியர், சுகாதாரத் துறை இணை இயக்குநர், ஆர்.டி.ஓ. மூவரும் சேர்ந்து தென்காசி மாவட்டத்தில் ஓடுகிற எல்லாத் தனியார் ஆம்புலன்ஸ்களையும் ஒருமுறை உள்ளே ஏறிப் பார்த்து, எதில் என்ன இருக்கிறது என்ற பட்டியலை வெளியிட ஓர் உத்தரவு போடுங்கள். அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. இந்த மனுவின் மீது எடுக்கும் நடவடிக்கையை எங்களுக்கு எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்கவும் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தென்காசி வட்டாரப் பொதுமக்கள்

நகல்: போக்குவரத்து ஆணையர், சென்னை, மாவட்ட ஆட்சியர், தென்காசி.