மேசைப் போர் விளையாட்டுச் சங்கம்: 2024–25 செயலாளர் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதாந்திர ஆட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. ஆட்டத்துக்கான சிறு பொம்மை வீரர்களுக்கு வண்ணம் பூச, புதியவர்களுக்குப் பெயிண்ட் பயிற்சி ஒன்று நடத்தினோம். கூடத்தின் வாடகை ஏறியிருக்கிறது.

இந்த ஆண்டின் பெரிய வேலை மால்டன் மேசை, அதாவது மால்டன் போரை ஆடுவதற்கான மாதிரிப் போர்க்களம். ஒரே ஒரு போருக்கு இவ்வளவு செலவா என்று போன பொதுக்குழுவில் கேட்டார்கள். பதிலைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 991 ஆகஸ்டில் இங்கிலாந்தில், எசெக்ஸின் பிளாக்வாட்டர் முகத்துவாரத்தில், கடல்வழி வந்த வைக்கிங் படையும் எசெக்ஸ் தலைவர் பிர்ட்நோத்தின் சாக்சன் படையும் மோதின. வைக்கிங்குகள் இருந்தது நார்த்தி தீவு. கடல் வற்றும்போது மட்டுமே அங்கிருந்து கரைக்கு ஒரு குறுகிய பாதை தெரியும். அதை மூன்றே பேர் மறித்து நின்றார்கள் என்கிறது பழைய ஆங்கிலக் கவிதை. அப்புறம் பிர்ட்நோத்தே எதிரிக்கு வழிவிட்டார், போரில் மாண்டார்.

மேசையில் இதைக் கொண்டுவருவது சுலபமில்லை. சாக்சன் பக்கம் உட்காரும் எவரும் வழிவிட மாட்டார், ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். அதனால் ஒரு விதி சேர்த்தேன்: வழிவிடாவிட்டால் கப்பல்கள் கிளம்பிப் போய்விடும், சாக்சனுக்குப் புள்ளிகள் குறையும். இப்ஸ்விச்சைச் சூறையாடிவிட்டு வந்த படை அது. விட்டால் அடுத்த ஊருக்குத்தான் போயிருக்கும். பிர்ட்நோத் அகந்தையால் அழிந்தார் என்று எழுதுபவர்கள் இந்த மேசையில் ஒருமுறை உட்கார வேண்டும். ஓதம் ஏறி இறங்குவதைக் காட்ட, பாதைமேல் வைத்து எடுக்கும் அக்ரிலிக் தகடும் செய்திருக்கிறோம். ஆறடிக்கு நாலடி மேசை. சேறு, நீர் எல்லாம் நம் கைவேலை.

வருத்தத்தையும் சொல்லியாக வேண்டும். நாம் ஆடும் ‘சாகா’ என்ற விளையாட்டின் விதிகளில், படை சேர்க்கும்போது ஒரு புள்ளிக்கு மெய்க்காவலர் நால்வர், அல்லது போர்வீரர் எண்மர், அல்லது ஊர்ப்படையினர் பன்னிருவர். கவசமும் கோடரியும் வைத்த வைக்கிங் மெய்க்காவலர்களை ஆளுக்கு ஆள் வாங்கிப்போய் அழகாக வண்ணம் பூசி முடித்தார்கள். ஒரு புள்ளிக்குப் பன்னிரண்டு பொம்மை பூச வேண்டிய சாக்சன் ஊர்ப்படையைத் தொட ஆளில்லை. ஆட்ட நாள்வரை அந்தப் பொம்மைகளில் பாதி வெறும் பிரைமரோடு, அதாவது அடிப்பூச்சோடு, நின்றன. அந்த நாளில் வருவதாகப் பெயர் கொடுத்தவர்களில் பலர் வரவில்லை, ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. பார்க்க வந்தவர்கள் முன் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. கவிதையில் கோட்ரிக் என்ற சாக்சன் வீரன், விழுந்துவிட்ட தலைவர் பிர்ட்நோத்தின் குதிரையில் ஏறி ஓடுகிறான். தலைவரே ஓடுகிறார் என்று நினைத்துப் படை கலைகிறது. ஒருவர் வராமல் இருந்தால் இன்னும் நாலு பேர் வராமல் போவதை நாமும் பார்த்தோம்.

சந்தா பாக்கி நிறைய இருக்கிறது. நினைவூட்டியும் பதில் இல்லாதவர்கள் உண்டு. பெயர்களை இங்கே வாசிக்கப்போவதில்லை.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. மேசைச் செலவில் ஒரு பகுதி என் கையிலிருந்து போனது. அதைத் திருப்பிக் கேட்கவில்லை, பதிவில் இருக்கட்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

கூடம் தந்த நிர்வாகத்துக்கும், பொருளாளருக்கும், தேநீர் பொறுப்பை ஏற்ற குடும்பத்தினருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்கு 871இல் நடந்த ஆஷ்டவுன் போரை எடுக்க ஆசை. அண்ணன் சாக்சன் மன்னர் ஏதெல்ரெட் இன்னும் வழிபாட்டில் இருக்க, தம்பி ஆல்ஃபிரட் மேட்டிலிருந்த வைக்கிங்குகளை நோக்கிப் படையை ஏவிய போர். இரு தரப்பிலும் இரண்டிரண்டு பிரிவுகள், ஆகவே ஆட நால்வர் கட்டாயம் வேண்டும். ஊர்ப்படையும் இன்னும் நிறைய வேண்டும். ஆளும் சந்தாவும் உறுதியாகாமல் இதில் இறங்க மாட்டேன். செயலாளராக நான் தொடர்வதும் அதைப் பொறுத்ததே. பிரைமர் அடித்த ஊர்ப்படையினர் பன்னிரண்டு பன்னிரண்டாகப் பைகளில் வாசல் மேசையில் இருக்கிறார்கள், பக்கத்திலேயே சந்தாப் புத்தகமும் இருக்கிறது. போகும்போது ஆளுக்கொரு பை எடுத்துக்கொள்ளுங்கள்.

செயலாளர்