சமன் குறிகள் ஒரே நேர்கோட்டில் நிற்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

அன்புடையீர்,

உங்கள் பத்திரிகையில் வாரந்தோறும் வரும் கணித மாதிரி வினாத்தாளையும் அதன் விடைகளையும் பற்றி எழுதுகிறேன். கணக்குகளில் பிழை என்று சொல்ல வரவில்லை. வினாக்களைத் தயாரிப்பவர் பிள்ளைகளை நன்றாக அறிந்தவர் என்பது வாசிக்கும்போதே தெரிகிறது. அந்தக் கணக்குகள் தாளில் நிற்கும் நிலையைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

நான் 31 வருடம் கணிதம் படிப்பித்தவள். முதலில் மூதூரில், பிறகு திருகோணமலை நகரில். இப்போது உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் பின்னேரங்களில் சாதாரண தரப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வந்து இருப்பார்கள். உங்கள் வினாத்தாள் பக்கத்தை வெட்டி, மத்திய வீதியில் போட்டோக்கொப்பி எடுத்து ஆளுக்கொன்று கொடுப்பேன். ரியூஷனுக்குப் போக வசதியில்லாத பிள்ளைகளுக்கு அந்தப் பக்கம் பெரிய உதவி. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

போன மாதம் சாம்பல்தீவில் இருந்து வரும் பையன் ஒருவன் சமனிலிக் கணக்கு (பெரிது, சிறிது என்ற குறிகள் வரும் கணக்கு) ஒன்றில் சிக்கிக்கொண்டான். விடைப் பகுதியைப் பார்த்தும் அவனுக்கு விளங்கவில்லை. நான் வாங்கிப் பார்த்தேன். அச்சில் இருந்தது இதுதான்:

7 − 2எக்ஸ் > 1 −2எக்ஸ் > 1 − 7 −2எக்ஸ் > −6 எக்ஸ் < 3

நான்கு வரியில் ஒன்றன் கீழ் ஒன்றாக நிற்கவேண்டியதை, இடம் மிச்சம் பிடிக்க ஒரே ஓட்டமாக ஓட்டியிருக்கிறார்கள். முதல் படி 1 என்று முடிகிறது. இரண்டாவது படி −2எக்ஸ் என்று தொடங்குகிறது. இரண்டும் ஒட்டிக்கொண்டதில் "1 சய 2எக்ஸ்", அதாவது 1இலிருந்து 2எக்ஸைக் கழிப்பது, என்று புதிதாக ஒரு கோவை பிறந்துவிட்டது. பையன் அதைத்தான் வாசித்தான். அவனில் ஒரு பிழையும் இல்லை. எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே வாசித்தான். இதையே நான்கு வரியாக்கி, பெரிது என்ற குறி எல்லா வரியிலும் ஒரே இடத்தில் வரும்படி வைத்திருந்தால், கடைசி வரியில் அந்தக் குறி திரும்பிவிட்டதைக் கண் உடனே பிடித்திருக்கும். மறை எண்ணால் வகுத்தால் குறி மாறும் என்பதுதான் அந்தக் கணக்கின் உயிர். அச்சில் அதுதான் தொலைந்துபோனது.

அதே தாளில் 2இன் மூன்றாம் அடுக்கு வரவேண்டிய இடத்தில் மூன்று கீழே விழுந்து 23 ஆகிவிட்டது. அதை 5ஆல் பெருக்கவேண்டும். பிள்ளைகள் 115 என்று விடை எடுத்தார்கள், விடைப் பகுதியில் 40 என்று இருந்தது. கெட்டிக்காரப் பிள்ளை ஒருத்தி அரைமணி நேரம் தன் கொப்பியில் பிழை தேடினாள். அந்த அரைமணி நேரம் எனக்கு இப்போதும் வலிக்கிறது.

இது ரைப் செய்பவரின் அசட்டை என்று நான் நினைக்கவில்லை. பாடசாலையில் தவணைப் பரீட்சைத் தாள்களைப் பல வருடம் நானே தயாரித்திருக்கிறேன். ஆங்கில விசைகளில் தமிழ் எழுத்து வரும் பழைய பாமினி எழுத்துருவில் கணிதம் அடிப்பது என்ன பாடு என்று எனக்குத் தெரியும். பாமினியில் எக்ஸ் விசையை அழுத்தினால் ஒ வரும். வை விசையை அழுத்தினால் ல வரும். சகக் குறியை, அதாவது கூட்டல் குறியை, அழுத்தினால் பூ என்ற எழுத்தில் வருகிற அந்தத் துணைக்குறி வரும். சமன் குறியை அழுத்தினால் ஸ்ரீ. ஒரு சமன்பாட்டுக்குள் நாலைந்து தடவை எழுத்துருவை மாற்றி மாற்றி அடித்தால்தான் அது சமன்பாடாக நிற்கும். கடைசி நேரத்தில் யாராவது பந்தி முழுவதையும் தெரிவுசெய்து மறுபடி பாமினிக்கு மாற்றினால் எல்லாம் போய்விடும். சமன் குறி இருக்கவேண்டிய இடத்தில் ஸ்ரீ அச்சாகி வந்த தாளை நானே பிள்ளைகளுக்குக் கொடுத்து, பிறகு கரும்பலகையில் திருத்தியிருக்கிறேன்.

இன்னொரு பழக்கம் ரைப்ரைட்டர் காலத்தில் இருந்து வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது வினாத்தாள் எல்லாம் றோனியோ என்ற படியெடுக்கும் பொறியில்தான். மெழுகுத் தாளில் வசனங்களை ரைப் செய்து, பின்னக் கோட்டையும் வர்க்கமூலக் குறியையும் ஊசிமுனைப் பேனாவால் கையாலேயே கீறுவோம். ஆங்கில ரைப்ரைட்டரில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். அதனால் இடைவெளியை எண்ணி எண்ணித் தட்டினால் சமன் குறிகள் ஒன்றன் கீழ் ஒன்றாகச் சரியாக வந்து நிற்கும். கொம்பியூட்டரில் நாம் பாவிக்கும் எழுத்துருக்கள் பெரும்பாலும் அப்படியில்லை, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒவ்வோர் அகலம். இடைவெளி தட்டிச் சமன் குறியைத் தள்ளிக்கொண்டு போனால் திரையில் சரிபோலத் தெரியும், அச்சில் அரை எழுத்து விலகி நிற்கும். அந்தக் கோப்பை வேறொரு கொம்பியூட்டரில் திறந்து எழுத்துரு மாறினால் மொத்தமாகக் குலைந்துவிடும்.

இதைவிட மோசமானது எல்லா வரியையும் நடுவில் வைப்பது. கலியாண அழைப்பிதழுக்கு அது அழகு. கணக்குக்கு அது கூடாது. வரிகளின் நீளம் கூடக் குறைய இருப்பதால் சமன் குறி வரிக்கு வரி வலமும் இடமுமாக அலையும், பிள்ளையின் கண்ணும் அதோடு சேர்ந்து அலையும்.

சமன் குறியை நேராக வைப்பதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று நீங்கள் கேட்கலாம். ஒருங்கமை சமன்பாடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 3எக்ஸ் + 2வை = 13 என்று ஒரு வரி, அதன் கீழே 5எக்ஸ் − 2வை = 11 என்று இன்னொரு வரி. எக்ஸின் கீழ் எக்ஸ், வையின் கீழ் வை, சமன் குறியின் கீழ் சமன் குறி, எண்ணின் கீழ் எண். இப்படி நின்றால் பிள்ளை மேலிருந்து கீழே கூட்டுவான். வை இரண்டும் வெட்டுப்பட்டு 8எக்ஸ் = 24 என்று வரும், எக்ஸ் 3, வை 2. அந்த முறையே நிரல்களை நம்பி நடக்கிற முறை. கீழ் வரி இரண்டு எழுத்து தள்ளி நின்றால், தட்டுத்தடுமாறிப் படிக்கிற பிள்ளை எதை எதோடு கூட்டுவான்?

இன்னொன்றும் உண்டு. எத்தனையோ பிள்ளைகள் "3 × 4 = 12 + 5 = 17" என்று எழுதுகிறார்கள். மூன்று தரம் நான்கு பன்னிரண்டுதான், பன்னிரண்டு சக ஐந்து ஆகாது. அவர்களுக்குச் சமன் குறி என்றால் "அப்புறம் வருவது" என்று பொருளாகிவிட்டது. வரிக்கு ஒரு கூற்று, வரிக்கு ஒரு சமன் குறி, எல்லாம் ஒரே நேரில் என்று பழகிய பிள்ளையிடம் இந்தப் பிழையை நான் மிகக் குறைவாகத்தான் கண்டிருக்கிறேன். ஒவ்வொரு வரியும் தனியாக நின்று, "என் இடமும் வலமும் ஒன்றா, சொல்" என்று அவனைக் கேட்கிறது.

சமன் குறியை முதலில் அச்சில் கொண்டுவந்தவர் வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த ராபர்ட் ரெக்கோர்ட், 1557ஆம் ஆண்டில். "இதற்குச் சமன்" என்று திரும்பத் திரும்ப எழுதுவதில் சலித்துப்போய், ஒரே நீளமான இரண்டு சமாந்தரக் கோடுகளைப் போட்டார். அவற்றைவிடச் சமனான இரண்டு பொருள் வேறு இருக்கமுடியாது என்று காரணமும் எழுதிவைத்தார். சாம்பல்தீவுப் பையனுக்கு இதைச் சொன்னபோது, அவனுடைய அப்பா, கரையில் நின்று இரண்டு கயிறால் இழுக்கும் கரைவலைக்குப் போகிறவர் என்பதால், இரண்டு கயிறையும் நினைத்துப் பார் என்றேன். ஒரு பக்கத்தார் கூட இழுத்து மறுபக்கத்தார் பிந்தினால் வலையின் மடி கோணிப்போகும். "இரண்டு பக்கமும் ஒன்றாக இழுக்கவேணும், என்ன டீச்சர்?" என்றான். அதற்குப் பிறகு இரண்டு பக்கத்திலும் 7ஐக் கழிக்க அவன் ஒருநாளும் மறக்கவில்லை.

சரி, என்ன செய்யலாம்? பாமினியை விடமுடியாது என்றால் அதற்கும் வழி இருக்கிறது. கோடு தெரியாத மூன்று நிரல் அட்டவணை ஒன்று போடுங்கள். இடப்பக்க நிரலை வலது ஓரத்தோடு ஒட்டவையுங்கள், நடு நிரலில் சமன் குறி மட்டும், வலப்பக்க நிரல் இடது ஓரத்தோடு ஒட்டட்டும். எழுத்துரு எதுவானாலும் சமன் குறிகள் அசையாது. பத்து வருடம் இதைத்தான் செய்தேன்.

வேர்டில் யுனிக்கோட்டில் அடிப்பவர்களுக்கு இன்னும் சுலபம். ஆல்ட் விசையோடு சமன் குறியை அழுத்தினால் சமன்பாட்டுப் பெட்டி திறக்கும். ஒரு வரி முடிந்ததும் ஷிப்ட் விசையோடு என்டரை அழுத்தி அடுத்த வரிக்குப் போகவேண்டும். எல்லா வரியையும் தெரிவுசெய்து வலது பக்கக் கிளிக் செய்தால் சமன் குறியில் நேராக்கும் கட்டளை பட்டியலில் இருக்கும். அடுக்கும் பின்னமும் அந்தப் பெட்டிக்குள் தாமாகவே ஒழுங்காக உட்காரும், 23 மாதிரி விபத்து நடக்காது.

உயர்தர இணைந்த கணிதம் வெளியிடும் எண்ணம் இருந்தால் லேடெக் என்ற கணித அச்சுக்கோர்ப்பு மென்பொருளைப் பழகச் சொல்வேன். அதன் அடியில் இருக்கும் டெக் என்ற மென்பொருளை எழுதியவர் டொனால்ட் க்னூத். 1977இல் தன் நூலின் இரண்டாம் பாகத்துக்கான புதிய பதிப்பின் அச்சுப்படி கைக்கு வந்தது. பழைய ஈய அச்சின் அழகு அதில் இல்லை என்று மனம் பொறுக்காமல், தானே ஒரு முறையை உருவாக்க உட்கார்ந்தார். ஒரு வருட விடுப்பில் முடியும் என்று நினைத்த வேலை பத்தாண்டு அளவில் இழுத்தது. அவ்வளவு பெரிய கணினி அறிஞர் ஒருவர் தன் வாழ்நாளில் அத்தனை வருடத்தை இதற்குக் கொடுத்தார் என்பதை நினைத்தால் எனக்குத் தெம்பு வரும். லேடெக்கில் சமன் குறிக்கு முன்னால் "அன்ட்" குறி ஒன்றைப் போட்டு, வரி முடிவில் இரண்டு பின்சாய்கோடு போட்டால் போதும், மீதியை அது பார்த்துக்கொள்ளும். யுனிக்கோட் தமிழும் சீலேடெக் என்ற அதன் வகை வழியாக அதில் நன்றாகவே வருகிறது. 62 வயதில் நான் பழகினேன், உங்கள் இளம் பிள்ளைகள் ஒரு வாரத்தில் பழகிவிடுவார்கள்.

நீண்ட கோவையை உடைக்கவேண்டி வந்தால் சகக் குறிக்கோ சயக் குறிக்கோ முன்னால் உடையுங்கள். குறி அடுத்த வரியின் தொடக்கத்தில், சமன் குறிக்குக் கொஞ்சம் வலப்பக்கமாக நிற்கட்டும். உங்கள் ஒடுக்கமான நிரல்களில் சயக் குறி வரி முடிவில் தனியாக நின்று, 7 மட்டும் கீழே போவதை அடிக்கடி காண்கிறேன். சயக் குறிக்குப் பதில் விசைப்பலகையில் உள்ள சிறு இடைக்கோட்டைப் போடுவதுதான் பெரும்பாலும் காரணம். சொல்லை உடைக்கும் இடம் அது என்று நினைத்துக் கொம்பியூட்டர் அங்கேயே வரியை வெட்டிவிடும். உண்மையான சயக் குறி யுனிக்கோட்டில் தனியாக இருக்கிறது, சகக் குறியின் நீளத்துக்கு ஒப்பானது. பிள்ளை கண்ணுக்குத் தப்பாமல் இருக்க அந்த நீளம் வேண்டும்.

வசனத்துக்குள் வருகிற சின்னச் சமன்பாடு வசனத்துக்குள்ளேயே இருக்கட்டும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஐந்து கணக்கைக் கொடுத்துத் தீர்க்கச் சொல்லும்போதும் நேராக்கத் தேவையில்லை, இலக்கமிட்டு இடப்பக்கமாக அடுக்கினால் போதும். ஒரு படியில் இருந்து அடுத்த படி பிறக்கும் இடங்களைத்தான் நான் கேட்கிறேன்.

பக்கத்தில் இடம் போதாது என்பீர்கள். விளம்பரம் இல்லாமல் பத்திரிகை நடக்காது என்பதும் எனக்கு விளங்கும். இடம் இல்லாவிட்டால் பத்து வினாவை ஆறாகக் குறையுங்கள். நெருக்கி அடித்த பத்து விடையைவிட, படிகள் தெளிவாக நிற்கும் ஆறு விடை என் விறாந்தைப் பிள்ளைகளுக்குப் போதும்.

போன மாதத் தாளின் விடைகள் முழுவதையும் எப்படி நிற்கவேண்டும் என்று கையால் எழுதி, நான்கு பக்கமாக இத்துடன் அனுப்புகிறேன். மூன்று நிரல் அட்டவணையில் செய்த கோப்பையும் தனியாக மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். எழுத்துருவை மாற்றி அப்படியே பாவிக்கலாம். அடுத்த வாரத் தாளின் அச்சுப்படியை வியாழக்கிழமை பின்னேரம் எனக்கு அனுப்பினால், வெள்ளி காலை திருத்தித் திருப்பித் தருவேன். அதற்கு எனக்கு ஒன்றும் தரவேண்டாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
உவர்மலை, திருகோணமலை.