மார்ச் மாதம் வந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு வணிகப் பக்கக் கட்டுரையில், 'விற்பனை ஊழியர்களுக்கு முறையான நெறிமுறைப் பயிற்சி இல்லாததே முறைகேடுகளுக்குக் காரணம்' என்று ஒரு வரி. எழுதியவர் வாழ்க்கையில் ஒரு பாலிசியாவது விற்றிருக்கிறாரா? நான் ஒரு தனியார் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்காக வங்கிக் கிளையில் உட்கார்ந்து பதினோரு வருடம் விற்றவன்.

பயிற்சிக்கு எங்களுக்குக் குறைவே கிடையாது. வருடா வருடம் கம்ப்யூட்டரில் வரும். நாற்பது ஸ்லைடு, கடைசியில் இருபது கேள்வி. எங்கள் ஆபீஸ் தம்பி ஒருவன் எல்லோருடைய லாகினையும் வாங்கி ஒரே மத்தியானத்தில் எழுதி முடித்துவிடுவான். அத்தனை பேருக்கும் நூற்றுக்கு நூறு! அன்று சாயங்காலமே மேனேஜர் போன் செய்வார்: "அண்ணே, மார்ச் டார்கெட்டுக்கு இன்னும் மூணு லட்சம் குறையுது. எஃப்.டி. முடியிற லிஸ்டை எடுங்க."

எஃப்.டி. பணம் வாங்க வரும் பெரியவரிடம் 'ஒரு தடவை கட்டினால் போதும்' என்போம். பத்து வருடம் கட்ட வேண்டிய பாலிசி அது. ஆங்கிலப் படிவத்தில் பென்சிலால் குறி போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்து வாங்குவோம். கம்பெனியிலிருந்து சரிபார்க்க போன் வரும். "எது கேட்டாலும் ஆமான்னு சொல்லிடுங்க" என்று முன்கூட்டியே சொல்லிவைப்பதும் நாங்கள்தான். தப்பு என்று தெரியாமலா செய்தோம்? என் சொந்தச் சித்திக்கே ஒன்று விற்றேன். இரண்டாம் வருடப் பிரீமியம் கேட்டு எஸ்எம்எஸ் வந்தபோது அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்து வந்த கல்யாணத்தில் என்னைப் பார்த்ததும் எழுந்து வேறு வரிசைக்குப் போய்விட்டார்.

அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி விவகாரம் 2016-இல் வெளிவந்தது தாங்கள் அறியாததல்ல. ஒரு வாடிக்கையாளர் தலையில் எட்டுத் திட்டம் கட்ட வேண்டும் என்று டார்கெட். விளைவு, வாடிக்கையாளர்களுக்கே தெரியாமல் அவர்கள் பெயரில் லட்சக்கணக்கில் கணக்குகள். சுமார் 5,300 பேரை வேலையை விட்டு அனுப்பினார்கள். அங்கேயும் நெறிமுறை வகுப்பு நடந்துகொண்டுதான் இருந்தது. டார்கெட் போட்டவர்களுக்கு யார் வகுப்பு எடுப்பது?

சரி, தங்கள் பத்திரிகைக்கு வருகிறேன். அந்தக் கட்டுரைக்குக் கீழேயே 'உத்தரவாத வருமானம்' என்று அரைப் பக்க விளம்பரம். நட்சத்திரக் குறிக்கான விளக்கத்தைப் படிக்க பூதக்கண்ணாடியும் போதவில்லை. இரண்டு வருடம் முன்பு இதைப் பற்றி நான் எழுதிய கடிதத்தை நாலு வரியாக்கி, தலையங்கத்தைப் பாராட்டியதை மட்டும் போட்டிருந்தீர்கள். பரவாயில்லை, இடம் இருந்திருக்காது.

இந்தத் தடவை கேட்பதும் சின்ன இடம்தான். பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் 'வேண்டாம்' என்று திருப்பிக் கொடுக்கலாம். 2024-இல்தான் அதை 15 நாளிலிருந்து கூட்டினார்கள். கம்பெனி காது கொடுக்காவிட்டால், சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் செலவில்லாமல் புகார் செய்யலாம். இதை வாரம் ஒருமுறை பெரிய எழுத்தில், ராசிபலனுக்குப் பக்கத்தில் போடுங்கள். வணிகப் பக்கம் வேண்டாம். சித்தி அதைப் புரட்டுவதே இல்லை.

இப்படிக்கு,
முன்னாள் விற்பனை அதிகாரி,
மதுரை.

(பெயர் வெளியிட வேண்டாம்.)