முதலில் உள்ளங்கி, பிறகு இரும்பு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐரோப்பிய இடைக்கால நைட் வீரர்களின் கவசத்தைப் பற்றியும், அதை இன்று ஒருவர் எப்படித் திரட்டி அணியலாம் என்பதைப் பற்றியும் தங்கள் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். தமிழில் இந்தப் பொருளைத் தொடுவோர் மிகக் குறைவு என்பதால் கட்டுரையாளரின் முயற்சியைப் பாராட்டத்தான் வேண்டும். ஆயினும், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வசித்துக்கொண்டு, 15ஆம் நூற்றாண்டுப் போர்களை மீண்டும் நிகழ்த்திக் காட்டும் குழு ஒன்றில் ஆறு ஆண்டுகளாகக் கவசம் அணிந்து வருபவன் என்ற முறையில், கட்டுரையில் கண்ட இரண்டு செய்திகளை என்னால் ஏற்க முடியவில்லை. ஒன்று கவசத்தின் எடை. மற்றொன்று, எதை முதலில் வாங்க வேண்டும் என்று புதியவர்களுக்குச் சொல்லப்பட்ட யோசனை. முன்னதை விடப் பின்னதே எனக்குக் கூடுதல் கவலையைத் தந்தது.

முழுக் கவசம் 60 கிலோ எடை கொண்டது என்றும், அதை அணிந்தவரைப் பாரந்தூக்கி கொண்டுதான் குதிரைமேல் ஏற்றினார்கள் என்றும் கட்டுரை கூறுகிறது. போர்க்களத்துக்கென 15ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்ட தட்டுக் கவசங்கள் பெரும்பாலும் 20 முதல் 25 கிலோவுக்குள் அடங்கிவிடும். தகடுகளின் கனம் பல இடங்களில் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர்தான்; மார்பின் நடுப்பகுதியும் தலைக்கவசத்தின் முன்புறமும் மட்டும் சற்றுத் தடித்திருக்கும். பாரந்தூக்கிக் கதையைப் பலர் நம்புவதற்கு 1944இல் வெளிவந்த ‘ஐந்தாம் ஹென்றி’ திரைப்படமும் ஒரு காரணம். குதிரைமேல் எதிரெதிரே பாய்ந்து மோதும் ஈட்டிப் போட்டிகளுக்கென்றே தனியாகச் செய்யப்பட்ட கவசங்கள் 40 கிலோவையும் தாண்டின என்பது உண்மையே. ஆனால் அவை சில ஓட்டங்களுக்கு மட்டும் அணிந்து கழற்றப்பட்டவை. அவற்றைக் கொண்டு போர்க்கவசத்தை மதிப்பிடுவது, தேரைப் பார்த்துவிட்டு மாட்டுவண்டியின் எடையைச் சொல்வது போன்றது.

போர்க்கவசத்தில் எவ்வளவு அசைய முடிந்தது என்பதற்கு ஒரு சான்று உண்டு. பிரான்சின் மார்ஷலாக, அதாவது உயர்படைத் தலைவராக இருந்த பூசிக்கோ, 1415இல் அஜின்கோர்ட் போரில் சிறைப்பட்டு 1421இல் இங்கிலாந்திலேயே இறந்தவர். அவர் வாழ்ந்த காலத்திலேயே எழுதப்பட்ட வரலாறு, தலைக்கவசத்தை மட்டும் கழற்றிவிட்டு மற்ற அனைத்தையும் அணிந்தபடி அவர் குட்டிக்கரணம் அடித்ததையும், எஃகுச் சட்டையோடு சாய்த்துவைத்த ஏணியின் அடிப்பக்கத்தில் கால் படாமல் இரு கைகளால் தாவி ஏறியதையும் சொல்கிறது. என்னால் அதில் பாதியைக்கூடச் செய்ய முடியாது. ஆனால் தரையில் படுத்து எழவும், படியேறவும், உதவியின்றிக் குதிரையேறவும் முடியும்.

இதனால் கவசம் சுமையே அல்ல என்று நான் வாதிடவில்லை. லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இங்குள்ள அரச படைக்கல அருங்காட்சியகத்தில் கவசம் அணிந்து சண்டை செய்து காட்டுவோரை ஓடுபொறியில் (டிரெட்மில்) நடக்கவிட்டு அளந்து, 2011இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கவசம் இல்லாமல் நடப்பதைவிட இருமடங்குக்குச் சற்று மேலாகவே ஆற்றல் செலவானது. அதே எடையை முதுகில் மூட்டையாகச் சுமந்தால் இவ்வளவு செலவாகாது. காலில் கட்டிய இரும்பை ஒவ்வோர் அடிக்கும் தூக்கி வீச வேண்டியிருப்பதும், மார்புத் தகடு மூச்சை ஆழமாக இழுக்கவிடாமல் தடுப்பதும் காரணங்கள். ஆக, சிரமம் எடையின் அளவில் மட்டும் இல்லை. அந்த எடை உடலில் எங்கே, எதைப் பற்றிக்கொண்டு தொங்குகிறது என்பதில் இருக்கிறது. கட்டுரையின் இரண்டாவது பிழை இங்கேதான் தொடங்குகிறது.

“முதலில் ஒரு நல்ல தலைக்கவசம் வாங்குங்கள், பிறகு மார்புத் தகடு, உள்ளே எந்தத் தடித்த சட்டையும் போதும்” என்கிறது கட்டுரை. நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒரு விற்பனையாளரிடம் ஆயத்தமாகக் கிடைத்த கால் கவசத்தை வாங்கி, அவர் சொன்னபடியே இடுப்பில் ஒரு தோல்வாரைக் கட்டி அதில் மாட்டினேன். அரை மணி நேரத்தில் தொடைத் தகடுகள் சரிந்து முழங்கால் மூட்டுக்குக் கீழே இறங்கிவிட்டன. வாரை இறுக்க இறுக்க இடுப்பெலும்பில் தோல் உரிந்ததுதான் மிச்சம். தகட்டில் குற்றமிருக்கும் என்று எண்ணி அதை இருமுறை மாற்றினேன். குற்றம் கவசத்துக்கு அடியில் உடலைப் பற்றி நிற்கும்படி அணிய வேண்டிய உள்ளங்கியில் இருந்தது, அதாவது உள்ளங்கி என்ற ஒன்றே இல்லாததில் இருந்தது.

வரலாற்றுக்குப் பொருந்திய கவசம் வேண்டுமென்றால், முதலில் ஓர் ஆண்டையும் ஓர் இடத்தையும் ஒரு தகுதியையும் முடிவுசெய்துகொள்ள வேண்டும். நான் தேர்ந்துகொண்டது 1471 மே 4 அன்று டியூக்ஸ்பரியில், இங்கிலாந்து அரசர் நான்காம் எட்வர்டின் படை அரியணைக்குப் போட்டியிட்ட லங்காஸ்டர் தரப்பை முறியடித்த களத்தில், இத்தாலியின் மிலன் நகர இறக்குமதிக் கவசத்தோடு நின்றிருக்கக்கூடிய ஓரளவு வசதியான ஒருவரின் தோற்றம். இதை முடிவுசெய்தவுடன் வாங்கக் கூடாதவற்றின் பட்டியல் தானாகவே நீண்டுவிடுகிறது, பணமும் மிஞ்சுகிறது. பிறகு சான்றுகளைத் தேட வேண்டும். 1439இல் இறந்த வாரிக் பிரபு ரிச்சர்ட் பீச்சம்பின் பொன்முலாம் பூசிய கல்லறைச் சிலை, வாரிக் நகரின் புனித மரியாள் தேவாலயத்தில் இருக்கிறது. இத்தாலியப் பாணிக் கவசத்தின் ஒவ்வொரு வாரையும் கொக்கியையும் கீலையும், எவர் கண்ணுக்கும் படாத முதுகுப்புறம் உட்பட, அதில் வார்த்திருக்கிறார்கள். அங்கே நான் மூன்று முறை போய் முழந்தாளிட்டுப் படம் எடுத்ததைப் பார்த்து, என்னைப் பக்திமான் என்று எண்ணியவர்களும் உண்டு.

இன்னொரு சான்று, இன்று நியூயார்க்கின் மோர்கன் நூலகத்தில் உள்ள 15ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கையெழுத்துப் படி. தரையில் நின்று போரிடுபவருக்குக் கவசம் அணிவிக்கும் முறையைச் சொல்லும் அதன் பகுதி, இரும்பைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே துணியைப் பற்றிப் பேசிவிடுகிறது. அவர் உள்ளே சட்டை அணியக் கூடாது. சாட்டின் உள்துணி வைத்த, துளைகள் நிறைந்த ஃபஸ்டியன் அங்கி மட்டுமே வேண்டும் என்கிறது. ஃபஸ்டியன் என்பது லினன் பாவும் பருத்தி ஊடுமாக நெய்த துணி. அந்த அங்கியில் கோத்த கயிறுகளில்தான் கவசத் துண்டுகள் தொங்குகின்றன. கயிறு எதுவாகவும் இருக்கலாகாது. குறுக்குவில்லுக்கு நாண் திரிக்கும் மெல்லிய இழையால் செய்து, இழுபடாமலும் அறாமலும் இருக்கச் செருப்புத் தைப்பவரின் மெழுகைப் பூச வேண்டும். கால் கவசம் உராயாமலிருக்க முழங்காலைச் சுற்றிக் கம்பளித் துண்டு கட்ட வேண்டும் என்பதுவரை அந்தப் பகுதி சொல்கிறது. இதை எழுதியவருக்கும் தோல் உரிந்திருக்க வேண்டும்.

எனக்கான அங்கியை ஒரு பெண் தையற்கலைஞர் நான்கு முறை அளவெடுத்துத் தைத்துக் கொடுத்தார். இடுப்பில் அது பிடித்த பிடியில்தான் கால் கவசத்தின் சுமை உடலெங்கும் பரவுகிறது. கையைத் தலைக்குமேல் தூக்கினாலும் அங்கி மேலேறாதபடி கைக்குழியைப் பெரிதாக வெட்டியிருக்கிறார். அதன் பிறகு அந்தப் பழைய தொடைத் தகடுகளே சரியாக உட்கார்ந்தன. முழங்காலுக்குக் கீழே கெண்டைக்காலை மூடும் தகடு மட்டும் எந்த அங்கியாலும் திருந்தவில்லை. கணுக்காலை ஒட்டிக் குறுகி, கெண்டைச் சதையில் விரிந்து, அணிபவரின் காலுக்கென்றே அடித்துச் செய்யப்பட வேண்டிய துண்டு அது. ஆயத்தமாக வாங்கினால் வீண்செலவு.

அணியும் வரிசையும் கீழிருந்து மேலேதான் போகிறது: பாதம், கெண்டைக்கால், தொடை, பிறகு உடல், கைகள், கடைசியில் தலைக்கவசம். மார்புத் தகட்டை மாட்டியபின் குனிந்து கால் வாரை இறுக்குவது பெரும்பாடு என்பதை ஒருமுறை முயன்றவர் அறிவார். பழகிய துணையாள் ஒருவர் இருந்தால் எனக்குக் கால் மணி நேரம் போதும். தனியாக முயன்றபோது தோள் கயிற்றைக் கட்ட முடியாமல் பாதியிலேயே கழற்றி வைத்தேன்.

தட்டுக் கவசத்தின் அடியில் இரும்பு வளையங்களைப் பின்னிச் செய்த முழு வளையச் சட்டை அணிய வேண்டும் என்று கட்டுரையாளர் கூறுவதும் 1471ஆம் ஆண்டுக்குப் பொருந்தாது. அக்குள், முழங்கை மடிப்பு, கழுத்து, இடுப்புக்குக் கீழ் என்று தகடு மூட முடியாத இடங்களில் மட்டும் வளையப் பின்னலை அங்கியோடு சேர்த்துத் தைத்தால் போதும். பல கிலோ குறைந்துவிடும். அந்த வளையங்களின் முனைகளும் தட்டையாக்கப்பட்டு, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, நுண்ணிய தறையாணியால் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். முனைகளை வெறுமனே நெருக்கி வைத்த மலிவுப் பின்னல் ஒரு குத்துக்கே வாய் பிளந்துவிடும்.

இறுதியாக, கட்டுரையோடு வெளிவந்த படம். அதில் இருப்பவர் 1300ஐ ஒட்டிய வாளி வடிவத் தலைக்கவசத்தையும், 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேரரசர் மாக்சிமிலியன் காலத்து ஜெர்மானியப் பாணியில் வரிவரியாக மடித்தடித்த கைக்கவசத்தையும் ஒருசேர அணிந்திருக்கிறார். இரண்டுக்கும் இடையே இருநூறு ஆண்டுகள். ‘வரலாற்றுத் துல்லியம் மிக்க கவசம்’ என்று அதன்கீழ் அச்சிட்டிருக்கும் குறிப்பையாவது அடுத்த இதழில் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். தாங்கள் விரும்பினால் உள்ளங்கியின் தையல் அமைப்பைக் காட்டும் படங்களை அனுப்பித்தரவும் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
லீட்ஸ், இங்கிலாந்து.